தங்கம் விளைந்த மேட்டு நிலம்: கௌடெங் நகரங்களும் நம் தமிழரும்

(வத்தல்மலையில் கூடிய நம் சங்கக் கூட்டத்தில் நிகழ்த்திய பிரசங்கம்)



இன்று நான் யாது பேசவேண்டும் என்று சங்கக் காரியதரிசி அவர்களைக் கேட்டபோது, “நகரங்களைப் பற்றிப் பேசுங்கள். நம் பிள்ளைகள் மலையிறங்கிப் போகத் தொடங்கிவிட்டார்கள். நகரம் என்பது எப்படிப்பட்டது, அங்கே காணத்தக்கது எது, அஞ்சத்தக்கது எது என்பதை அவர்களும் அறியட்டும், அவர்களைப் பெற்றவர்களும் அறியட்டும்” என்று சொன்னார்கள். பெங்களூரையும் திருப்பூரையும் ஓசூரையும் உங்களிற் பலர் கண்டிருக்கிறீர்கள். கண்டவர்க்குக் காணாதவன் சொல்லுவதில் பயனில்லை. ஆகவே கடல் கடந்த ஒரு நாட்டின் நகரங்களை இன்று எடுத்துக்கொள்கிறேன். தென்னாப்பிரிக்காவில் கௌடெங் என்னும் மாகாணத்தில் உள்ள நகரங்களே அவை. நான் அங்குச் சென்று கண்டவன் அல்லன், படித்தறிந்ததையே சொல்லப்போகிறேன்.

அத்தனை தூரம் போவானேன் என்று கேட்பீர்கள். சொல்லுகிறேன். அந்த நகரங்கள் நம் பாட்டன்மார் காலத்தில் தோன்றியவை. கூலிக்கு வந்தவர்களின் உழைப்பால் எழுந்தவை. வந்தவர்களில் தமிழரும் இருந்தனர். நகரம் ஏழையை என்ன செய்யும், ஏழை நகரத்தை என்ன செய்யக்கூடும் என்னும் இரண்டு கேள்விகளுக்கும் அவ்விடத்தில் விடை தெளிவாகக் கிடைக்கிறது.

முதலில் மாகாணத்தின் அளவைக் கூறுகிறேன். தென்னாப்பிரிக்காவின் ஒன்பது மாகாணங்களில் மிகச் சிறியது இதுவே. இதன் பரப்பு 18,178 சதுர கிலோமீட்டர். அதாவது நமது தருமபுரி ஜில்லாவைப் போல் நான்கு மடங்கு. ஜனத்தொகையோ 2022 ஆம் வருஷத்துக் கணக்கின்படி ஏறக்குறைய 1 கோடியே 51 லட்சம். நம் ஜில்லாவின் தொகை 2011 இல் 15 லட்சம். நிலம் நான்கு மடங்கு, ஜனம் பத்து மடங்கு என்றால் நெருக்கத்தை நீங்களே ஊகித்துக்கொள்ளலாம். அந்நாட்டு ஜனங்களில் நால்வரில் ஒருவர் இச்சிறு மாகாணத்தில் வாழ்கின்றார். முன்னே டிரான்ஸ்வால் என்று வழங்கிய பெருநாட்டின் ஒரு துண்டு இது. 1994 இல் தனி மாகாணமாயிற்று. ‘கௌடெங்’ என்பது சோத்தோ பாஷையில் ‘தங்கம் உள்ள இடம்’ என்று பொருள்படும்.

நகரங்களில் தலையாயது ஜோகானஸ்பர்க். நகரம் என்றால் ஆற்றங்கரையிலோ கடற்கரையிலோ தோன்றுவது உலக வழக்கம். மதுரைக்கு வையை உண்டு. சென்னைக்குக் கடல் உண்டு. ஜோகானஸ்பர்க்குக்கு இரண்டும் இல்லை. கடல் மட்டத்துக்கு மேல் சுமார் 1,750 மீட்டர் உயரத்தில், நம் மலையினும் உயர்ந்த ஒரு புல்வெளி மேட்டில் அது நிற்கிறது. 1886 இல் அம்மேட்டின் அடியில் தங்கம் ஓடுகின்ற பாறை கண்டுபிடிக்கப்பட்டது. அவ்வாண்டிலேயே கூடாரங்களாக ஊர் தோன்றிற்று. அங்குள்ள தங்கம் ஆற்று மணலில் அரித்தெடுக்கும் தங்கமன்று. பாறைக்குள் கண்ணுக்குத் தெரியாத பொடியாகக் கலந்திருப்பது. நெடுந்தூரம் குடைந்திறங்கி, பாறையை வெட்டி, மேலே கொணர்ந்து, இடித்து மாவாக்கி, மருந்து நீர் ஊற்றிப் பிரிக்கவேண்டும். அதற்கு முதலாளிகளின் பெரும் பணமும் ஆயிரமாயிரம் கூலியாட்களும் வேண்டியிருந்தனர். ஆப்பிரிக்க ஆடவர்கள் தங்கள் கிராமங்களை விட்டு வந்து, மதில் சூழ்ந்த கொட்டடிகளில் தங்கி, குடும்பத்தைப் பிரிந்து சுரங்கத்தில் உழைத்தார்கள். இடித்த பாறையின் மணல் மஞ்சள் குன்றுகளாக நகரத்தோரம் குவிந்தது. அக்குன்றுகளை இன்றும் காணலாம். தங்கம் வேறு தேசங்களுக்குப் போயிற்று. வெட்டினவர்களுக்கு எஞ்சியது மணற்குன்று.

இனித் தமிழர் அங்கே சென்ற வரலாறு. 1860 ஆம் வருஷம் நவம்பர் மாதம் சென்னையிலிருந்து சென்ற ‘ட்ரூரோ’ என்னும் கப்பல் நேட்டால் நாட்டின் டர்பன் துறைமுகத்தை அடைந்தது. அது முதல் 1911 வரை ஏறக்குறைய 1,52,000 இந்தியர் கரும்புத் தோட்டங்களுக்கும் மற்ற வேலைகளுக்கும் ஒப்பந்தக் கூலிகளாக அழைத்துச் செல்லப்பட்டனர். அவர்களிற் பெரும்பாலார் சென்னை மாகாணத்தவர். ஒப்பந்தம் ஐந்து வருஷம். படிக்கத் தெரியாத பத்திரத்தில் கைந்நாட்டு வைத்துக் கப்பலேறியவர் பலர். ஒப்பந்தம் தீர்ந்தவர்களில் ஒரு பகுதியார் காய்கறி விற்றும் சிறு கடை வைத்தும் பிழைக்கலாம் என்று டிரான்ஸ்வாலின் தங்க நகரத்துக்கு வந்து சேர்ந்தனர்.

நகரம் அவர்களை எப்படி வரவேற்றது? 1885 ஆம் வருஷத்து 3 ஆம் சட்டம் என்று டிரான்ஸ்வாலில் ஒன்றிருந்தது. ஆசியர் அங்கே பிரஜையாக முடியாது; குறித்த தெருக்களிலும் சேரிகளிலும் அன்றி வேறெங்கும் நிலம் உடையவராகவும் முடியாது என்பது அதன் சாரம். ஜோகானஸ்பர்க்கில் இந்தியருக்கென்று விட்ட இடத்தில் தெருவிளக்கும் சாக்கடையும் சரிவர இல்லை. 1904 இல் அங்கே பிளேக் நோய் கண்டது. நகர அதிகாரிகள் ஜனங்களை வெளியேற்றி, அக்குடியிருப்பைத் தீயிட்டுக் கொளுத்தினார்கள். வெளியேற்றப்பட்டவர்களை நகரத்துக்கு வெகு தூரத்தில் கிளிப்ஸ்புரூட் என்னும் வெளியில் கூடாரங்களில் வைத்தார்கள். அவ்விடத்தைச் சுற்றியே பிற்காலத்தில் சொவெட்டோ என்னும் பெருங்குடியிருப்பு வளர்ந்தது.

பின்னர் 1906 இல் மற்றொரு சட்டம் புறப்பட்டது. எட்டு வயதுக்கு மேற்பட்ட ஆசியர் ஒவ்வொருவரும் விரல் ரேகை வைத்துப் பதிவு செய்துகொண்டு, கேட்ட இடத்தில் போலீஸாருக்குச் சீட்டைக் காட்டவேண்டும் என்பது அதன் கட்டளை. அவ்வாண்டு செப்டம்பர் 11 ஆம் தேதி ஜோகானஸ்பர்க்கின் எம்பயர் நாடகசாலையில் இந்தியர் கூடி, இச்சட்டத்துக்குக் கீழ்ப்படிவதில்லை என்று பிரமாணம் செய்தனர். காந்தியடிகளின் சத்தியாக்கிரகம் பிறந்த இடம் அதுவே. 1908 ஆகஸ்டு 16 ஆம் தேதி ஹமீதியா மசூதியின் முன்னே பெரிய இரும்புக் கொப்பரையில் இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட சீட்டுகளை எரித்தார்கள். அதன் நினைவாக அங்கே இப்போது ஒரு கொப்பரைச் சின்னம் நிறுவியிருக்கிறார்கள்.

சகோதரர்களே, இங்கேயே நான் சொல்லவந்த விஷயம் தொடங்குகிறது. ஒரு நகரத்தில் காணத்தக்கவை எவை என்று கேட்டால், உயர்ந்த மாளிகைகள், கடைவீதிகள், மின்சார விளக்குகள் என்று சொல்லுவது எளிது. அவை ஜோகானஸ்பர்க்கிலும் குறைவின்றி உண்டு. ஆனால் அந்நகரத்தார் வெளிநாட்டு விருந்தினரை முதலில் எங்கே அழைத்துச் செல்லுகிறார்கள் தெரியுமா? ஒரு சிறைச்சாலைக்கு; ஒரு கல்லறைக்கு; ஒரு பள்ளிச் சிறுவன் சுடப்பட்டு விழுந்த தெருவுக்கு.

அச்சிறைச்சாலை ஒரு குன்றின் மேல் உள்ளது. பழைய கோட்டை என்பது அதன் பெயர். 1908 ஜனவரியில் காந்தியடிகள் அங்கே அடைக்கப்பட்டார்கள். உடன் சிறைப்பட்டவர்களில் ஒருவர் தம்பி நாயுடு. மொரீஷியஸ் தீவில் பிறந்த தமிழர் அவர். ஜோகானஸ்பர்க்கில் தமிழர் நலச் சங்கத்தின் தலைவராக இருந்தவர். பலமுறை சிறை சென்றவர். பின்னாளில் நெல்ஸன் மண்டேலா அவர்களும் இக்கோட்டையில் கைதியாக இருந்ததுண்டு. 1983 இல் சிறை மூடப்பட்டது. விசாரணைக் கைதிகளை அடைத்துவைத்த கட்டடத்தை இடித்து, அதன் செங்கற்களைக் கொண்டே அவ்விடத்தில் தேசத்தின் அரசியலமைப்பு நீதிமன்றத்தைக் கட்டினார்கள். 2004 மார்ச் 21 ஆம் தேதி அது திறக்கப்பட்டது. நீதிமன்றத்தின் பெயர் முகப்பில் 11 பாஷைகளில் எழுதப்பட்டிருக்கிறது. ஜனங்களின் உரிமைகள் அதன் மரக்கதவில் செதுக்கப்பட்டிருக்கின்றன. சிறைக் கல்லை எடுத்து நியாயஸ்தலம் கட்டிய ஊர் உலகில் அரிது.

இன்னும் ஒன்று. அந்த நீதிமன்றம் காத்துநிற்கும் 1996 ஆம் வருஷத்து அரசியலமைப்புச் சட்டத்தில், மதித்துப் பேணவேண்டிய சமூக பாஷைகளின் வரிசையில் தமிழும் பெயர் சொல்லிக் குறிக்கப்பட்டுள்ளது. கூலியாக வந்தவன், நிலம் வாங்கத் தகாதவன் என்று தள்ளப்பட்டவன் பேசிய பாஷை இன்று அந்நாட்டின் மூலச் சட்டத்தில் நிற்கிறது. ஆயினும் ஒரு வருத்தமும் உண்டு. அங்குள்ள தமிழர் குடும்பங்களில் பெரும்பாலோர் வீட்டில் இப்போது ஆங்கிலமே பேசுகின்றனர். சட்டத்தில் இடம் பெற்ற பாஷை அடுப்பங்கரையில் இடம் இழந்தது. சட்டம் காக்கக் கூடியது ஒன்று. தாய் காக்கக் கூடியது மற்றொன்று.

இனிக் கல்லறை. பிராம்ஃபோன்டீன் என்னும் பகுதியிலுள்ள மயானத்தில் இரண்டு தமிழரின் சமாதிகள் உள்ளன. ஒருவன் நாகப்பன் என்னும் வாலிபன். வயது சுமார் 18. சீட்டில்லாக் குற்றத்துக்காகச் சிறைப்பட்டு, கடும் பனிக்காலத்தில் வேலை வாங்கப்பட்டு, சுரம் கண்டு, 1909 ஜூலை 6 ஆம் தேதி இறந்தான். மற்றவள் வள்ளியம்மை. குடும்பத்தின் பூர்விகம் தில்லையாடி, பிறந்தது ஜோகானஸ்பர்க். 1913 இல் பெண்களும் சத்தியாக்கிரகத்தில் இறங்கியபோது அச்சிறுமியும் சென்று மூன்று மாதம் கடுங்காவல் பெற்றாள். சிறையில் கண்ட சுரம் விடவில்லை. விடுதலையாகி வந்த சில நாளில், 1914 பிப்ரவரி 22 ஆம் தேதி, பதினாறு வயதில் உயிர் நீத்தாள். சிறை சென்றதற்காக வருந்துகிறாயோ என்று காந்தியடிகள் கேட்டபோது, மறுபடியும் செல்ல ஆயத்தம் என்று அவள் விடை சொன்னதாக அவரே எழுதியிருக்கிறார். அவ்வாண்டு ஜூலையில் தென்னாப்பிரிக்காவை விட்டுப் புறப்படுமுன் அவர் அவ்விருவரின் நினைவுக் கற்களையும் திறந்துவைத்தார். இன்று சென்னை எழும்பூரில் வள்ளியம்மை பெயரால் ஒரு மாளிகை இருக்கிறது. அதன் வழியே போகிறவர்களில் எத்தனை பேர் அப்பெண்ணின் கதையை அறிவார்கள்!

நகரத்துக்கு 21 மைல் தொலைவில், லாலி என்னும் ரயில் நிலையத்துக்கு அருகே, டால்ஸ்டாய் பண்ணை இருந்தது. ஹெர்மன் காலன்பாக் என்னும் ஜெர்மானிய யூத சிற்பக் கட்டடக்காரர் 1910 இல் 1,100 ஏக்கர் நிலத்தைச் சத்தியாக்கிரகிகளின் குடும்பங்கள் தங்குவதற்காக அளித்தார். சிறை சென்றவர்களின் மனைவி மக்கள் அங்கே பிழைத்தனர். தமிழர், தெலுங்கர், குஜராத்தியர், இந்துக்கள், முஸ்லிம்கள், பார்ஸிகள், கிறிஸ்தவர் எல்லோருக்கும் ஒரே சமையலறை. தமிழ்ப் பிள்ளைகளுக்குக் காந்தியடிகளே தமிழ் எழுத்துக் கற்பித்தார்கள்.

இவ்விடத்தில் நம் சங்கத்தார் சற்றுச் சிந்திக்கவேண்டும். தென்னாப்பிரிக்கத் தமிழரின் பெயர்களைப் பாருங்கள்: நாயுடு, பிள்ளை, மூட்லி, படையாச்சி, கவுண்டர் என்பதன் திரிபான கோவெண்டர், செட்டி, ரெட்டி. ஜாதிப் பட்டங்கள் அனைத்தும் குடும்பப் பெயர்களாகிவிட்டன. பெயர் மட்டும் மிஞ்சியது. கோட்டையின் சிறையில் எல்லாப் பட்டமும் ஒரே மக்காச்சோளக் கூழைத்தான் குடித்தது. சுடுகாட்டில் மட்டுமே சமமாகும் ஜனங்கள் சிறைச்சாலையில் சமமானார்கள். அதனால்தான் சிறைக்கதவு திறந்தது. நம் சங்கம் நம் குலத்தாரின் நலத்துக்கென்று ஏற்பட்டதே. அதில் தவறில்லை. தம்பி நாயுடுவும் ஒரு சங்கத்தின் தலைவரே. ஆனால் அவர் தம் சங்கத்தை வேலியாக நாட்டாமல் ஏணியாகச் சாத்தினார். அதுவே கவனிக்கத்தக்கது.

ஒரு குறையையும் மறைக்காமல் சொல்லவேண்டும். அக்காலத்து இந்தியரின் கிளர்ச்சி, தமக்கு அருகிலேயே தம்மினும் அதிகமாகத் துன்புற்ற ஆப்பிரிக்க ஜனங்களைத் தன்னோடு சேர்த்துக்கொள்ளவில்லை. அக்குறை நீங்க நெடுங்காலம் சென்றது. 1947 மார்ச்சு மாதத்தில் ஆப்பிரிக்கரின் தலைவராகிய டாக்டர் ஸூமா, இந்தியர் தலைவர்களாகிய டாக்டர் தாதூ, டாக்டர் நாயக்கர் ஆகிய மூவரும் ஒன்றாக உழைப்பது என்று உடன்படிக்கை செய்தனர். தம்பி நாயுடுவின் பேரன் இந்திரேஸ் நாயுடு ஆப்பிரிக்கத் தோழர்களுடன் ராபன் தீவுச் சிறையில் பத்து வருஷம் கழித்தார். பாட்டன் தொடங்கியதைப் பேரன் விரிவாக்கினான்.

1950 இல் வந்த குழுப் பகுதிச் சட்டம் நிறத்துக்கொரு குடியிருப்பு என்று வகுத்தது. நகர மத்தியில் இருந்த இந்தியர் பலர் பெயர்க்கப்பட்டு, சுமார் 30 கிலோமீட்டர் தொலைவிலுள்ள லெனேஷியாவுக்கு அனுப்பப்பட்டனர். பிரிட்டோரியா நகரத்தில் மராபஸ்டாடு என்னும் பேட்டையிலும் அவ்வாறே நிகழ்ந்தது. அங்குள்ள தமிழர் லாடியம் என்னும் இடத்துக்குத் துரத்தப்பட்டனர். அவர்கள் கட்டிய மாரியம்மன் கோயில் மட்டும் கோபுரத்தோடு அங்கேயே நின்றது, இன்றும் நிற்கிறது. குடிகளை விரட்டிய சட்டம் 1991 இல் ஒழிந்தது, கோயில் ஒழியவில்லை. ஜோகானஸ்பர்க்கின் மெல்ரோஸில் சிவசுப்பிரமணியர் கோயிலும் உண்டு. தைப்பூசக் காவடி அங்கே எடுக்கப்படுகிறது.

பிரிட்டோரியா நாட்டின் நிர்வாகத் தலைநகர். வசந்த காலத்தில் அதன் தெருக்களெல்லாம் ஜகரந்தா மரங்களின் ஊதாப் பூவால் நிறைந்திருக்கும். குன்றின்மேல் அரைவட்டமாக வளைந்து நிற்கும் யூனியன் மாளிகை 1913 இல் கட்டி முடிந்தது. அதைக் கட்டிய ஹெர்பர்ட் பேக்கரே பின்னர் டெல்லியின் அரசாங்கக் காரியாலய மாளிகைகளையும் வகுத்தவர். 1956 ஆகஸ்டு 9 ஆம் தேதி சுமார் 20,000 பெண்கள், பெண்களுக்கும் சீட்டு முறையைப் புகுத்தலாகாது என்று அம்மாளிகைக்கு நடந்து சென்று மௌனமாக நின்றார்கள். 1994 மே 10 ஆம் தேதி மண்டேலா அவர்கள் அங்கேயே ஜனாதிபதியாகப் பிரமாணம் எடுத்துக்கொண்டார்கள்.

சொவெட்டோவின் விலகாஸி தெருவில் மண்டேலா, டுட்டு என்னும் நோபல் பரிசு பெற்ற இருவரின் வீடுகள் உள்ளன. 1976 ஜூன் 16 ஆம் தேதி, தமக்கு விளங்காத ஆப்பிரிக்கான்ஸ் பாஷையில் பாடங்களைத் திணிப்பதை எதிர்த்து அப்பகுதிப் பள்ளிப் பிள்ளைகள் ஊர்வலம் வந்தார்கள். போலீஸார் சுட்டனர். ஹெக்டர் பீட்டர்ஸன் என்னும் 12 வயதுச் சிறுவன் இறந்தான். அவன் பெயரால் 2002 இல் ஒரு காட்சிசாலை ஏற்பட்டது. தெற்கே ஷார்ப்வில் என்னுமிடத்தில் 1960 மார்ச் 21 அன்று சீட்டுச் சட்டத்தை எதிர்த்து நின்ற கூட்டத்தில் 69 பேர் சுட்டுக் கொல்லப்பட்டனர். அந்த ஷார்ப்விலில்தான் 1996 டிசம்பரில் புதிய அரசியலமைப்பில் கையொப்பமிட்டார்கள். 2024 இல் யுனெஸ்கோ சபையார் யூனியன் மாளிகை, சிறைக்குன்று, ஷார்ப்வில், சொவெட்டோவின் அத்தெருக்கள் முதலியவற்றை உலகப் பாரம்பரிய ஸ்தலங்களாக ஏற்றுக்கொண்டனர்.

நிற்க. இவற்றால் மலைவாழ் நமக்கு யாது பயன்?

முதலாவது: பத்திரம். அன்று ஒப்பந்தத்தில் கைந்நாட்டு வைத்துக் கப்பலேறினார்கள். இன்றும் முன்பணம் வாங்கிக்கொண்டு, என்ன வேலை, எத்தனை நாள், யார் முதலாளி என்று தெரியாமலே லாரியேறுகிறவர் நம்மிடையே உண்டு. படித்துப் பார்க்காத தாளில் நம் பிள்ளை கைந்நாட்டு வைக்கலாகாது. படிக்க இயலாவிட்டால் சங்கத்தில் கொண்டுவந்து காட்டட்டும். யார் எவ்வூருக்கு, எவ்வேலைக்கு, எவ்வளவு கூலிக்குச் சென்றார் என்று சங்கத்தில் ஒரு பதிவுப் புஸ்தகம் வைக்கவேண்டும். அரசாங்கம் கட்டாயப்படுத்தி வாங்கிய பதிவு அடிமைச் சீட்டாயிற்று; நாமே நமக்கு வைத்துக்கொள்ளும் பதிவு காப்பாகும்.

இரண்டாவது: துணை. நகரத்துக்குப் போன பிள்ளை நம் ஜாதியார் எங்கே என்று மட்டும் தேடாமல், தன்னைப் போல் உழைக்கிறவர் எங்கே என்று தேடட்டும். பக்கத்துக் கொட்டகையில் வாழ்பவன் ஒடியாக்காரனாயினும் பிகார்க்காரனாயினும் அவன் கூலி குறைந்தால் நம் கூலியும் குறையும்.

மூன்றாவது: காட்சி. நம் பிள்ளைகளுக்குக் காட்டவேண்டியவை அருகிலேயே உள்ளன. காந்தியடிகள் ஜோகானஸ்பர்க் கோட்டையில் சிறைப்பட்ட அதே 1908 ஆம் வருஷத்தில் இங்கே சுப்பிரமணிய சிவா தண்டனை பெற்றார். சிறையில் தொழுநோய் பற்றி, 1925 ஜூலை 23 ஆம் தேதி நம் ஜில்லாவின் பாப்பாரப்பட்டியில் காலமானார். அவருடைய மணிமண்டபம் அங்கே இருக்கிறது. தருமபுரி அரசாங்கக் காட்சிசாலையில் நம் நாட்டு வீரர்களின் நடுகற்கள் வரிசையாக நிற்கின்றன. ஆடுமாடு மீட்டு மாண்ட எளியவர்களுக்கு எடுத்த கற்கள் அவை. நம் குழந்தைகளில் எத்தனை பேர் அவற்றைக் கண்டிருக்கிறார்கள்? ஜவுளிக்கடையும் சினிமாக் கொட்டகையும் பார்க்க மலையிறங்கும் குடும்பம், ஒரு நாள் இவ்விரண்டையும் பார்த்துவரட்டும். சங்கம் இவ்வருஷமே பள்ளிப் பிள்ளைகளை அழைத்துச் செல்ல ஏற்பாடு செய்யவேண்டுமென்று விண்ணப்பம் செய்துகொள்கிறேன்.

பெரியோர்களே, பிள்ளைகள் போவதைத் தடுக்கவேண்டாம், தடுத்தாலும் நிற்கமாட்டார்கள். சாமையும் கேழ்வரகும் காப்பியும் மிளகும் விளையும் இம்மலை எல்லோர்க்கும் சோறிட இயலாத காலம் இது. போகிறவன் கூலியாகப் போகலாம், அறியாதவனாகப் போகலாகாது. வேலைக்கு வந்தவர்களை வெளியே நிறுத்தி எழுப்பிய நகரம், அவர்களுடைய சிறையையும் சமாதியையுமே தன் பெருமையாக இன்று உலகத்துக்குக் காட்டுகிறது. நகரம் அதைக் கட்டியவனுக்கும் உரியது என்று நம் பிள்ளைகளுக்குச் சொல்லியனுப்புவோமாக.